உறைபனியில் தோட்டம் போட்ட துரை

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்தே காய்கறிகளில் இரண்டு இனம் உண்டு என்பது எனக்குத் தெரியும். கத்தரி, வெண்டை, அவரை, புடலை, பூசணி எல்லாம் நாட்டுக்காய். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், நூல்கோல் எல்லாம் இங்கிலீஷ் காய். நாட்டுக்காய் அன்றாடத்துக்கு, இங்கிலீஷ் காய் விருந்தாளி வந்தால். உருளைக்கிழங்கு மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்தி.

சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்த என் தாத்தா, லைன் வீட்டின் பின்புறம் இருந்த கையகல இடத்தில் ஒருமுறை கேரட் விதைத்தார். மூன்று மாதம் கழித்துப் பிடுங்கிப் பார்த்தால் எலிவால் போல வேர் வந்தது. வெயில் மண்ணில் அது அப்படித்தான் வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், பாறையே அறுபது டிகிரியைத் தாண்டிச் சுடும் இடத்தில் உழைத்துவிட்டு வந்தவருக்கு, மேலே மண் வெறும் முப்பது டிகிரியில் இருப்பதே ஊட்டி போலத்தான் தோன்றியிருக்கும்!

இன்று தாவரவியல் படிக்கும் மாணவனாக அந்த எலிவால் கேரட்டை நினைக்கும்போது, அதற்கு நேர்மாறான ஒரு தோட்டம் என் கண்முன் வருகிறது. வெப்பநாட்டின் நடுவே, ஆனால் இரவில் தண்ணீர் உறையும் உயரத்தில், இருநூறு ஆண்டுகளுக்கு முன் போடப்பட்ட தோட்டம். அதைப் போட்டவர் கோயமுத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சலீவன். உதகமண்டலத்தைக் கண்டவர் என்று பள்ளிக்கூடத்தில் அவரைப் படித்திருப்போம். கண்டவர் என்ற சொல் அவருக்குப் பொருந்தாது. அவர் போவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள். பயிர் செய்தவர் என்ற சொல் பொருந்தும். அந்தப் பயிர் யாருடைய மண்ணில் விளைந்தது என்ற கேள்வியும் அவர் வாழ்க்கையோடு கடைசிவரை ஒட்டிக்கொண்டே வந்தது.

சலீவன் 1788ஆம் ஆண்டு லண்டனில் பிறந்தார். மீசை அரும்பும் முன்பே, பதினைந்து பதினாறு வயதில், கிழக்கிந்தியக் கும்பினியின் எழுத்தராகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார். அந்தக் காலத்துக் கும்பினி உத்தியோகம் அப்படி. பையன்களாக வந்து, பாஷை கற்று, கணக்கு எழுதி, பிழைத்திருந்தால் கலெக்டர் ஆகலாம். பிழைத்திருந்தால் என்பதுதான் அதில் பெரிய நிபந்தனை. காய்ச்சலும் பேதியும் அவர்களில் பலரைச் சென்னையின் கல்லறைத் தோட்டங்களுக்குக் கொண்டு போயின. சலீவன் பிழைத்தார். 1810களின் நடுவில் கோயமுத்தூருக்கு வந்து, 1830 வரையில் அந்த ஜில்லாவின் தலைவராக இருந்தார்.

கோயமுத்தூரிலிருந்து வடமேற்கே பார்த்தால் நீலச் சுவர் போல ஒரு மலை தெரியும். நிலவரி கணக்கில் அதுவும் அந்த ஜில்லாவைச் சேர்ந்ததுதான். 1603இலேயே ஃபெனிசியோ என்ற பாதிரியார் கள்ளிக்கோட்டைப் பக்கமிருந்து ஏறிப் போய்த் தோடர்களையும் படகர்களையும் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறார். 1812இல் கும்பினியின் நில அளவைக்காரர்கள் போய் வந்தார்கள். 1818இல் கலெக்டரின் உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் ஏறிப்போய் வந்தார்கள். புகையிலைக் கடத்தல்காரர்களைத் துரத்திக்கொண்டு போனதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கோடையில் வெந்துகொண்டிருக்கும் கோயமுத்தூருக்கு மேலே, கம்பளி போர்த்துக்கொள்ளும் குளிர் இருக்கிறது என்று அவர்கள் வந்து சொன்ன செய்தி கலெக்டரைத் தூங்கவிடவில்லை. 1819 ஜனவரியில் அவரே புறப்பட்டார்.

ஜனவரி என்பதைக் கவனிக்கவேண்டும். மே மாதத்தில் போயிருந்தால் இதமான குளிரைத்தான் பார்த்திருப்பார். ஜனவரியில் போனவர் உறைபனியைப் பார்த்திருப்பார். அதே ஆண்டில் மறுபடியும் போனபோது, புதுச்சேரியிலிருந்து வந்த லெஷனோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாரும் கூடப் போனார். நோயாளியாக ஏறிய அவர் தேறி இறங்கினார். சலீவனுடைய மனத்தில் இரண்டு எண்ணங்கள் ஊன்றின என்று சொல்லலாம். ஒன்று, இந்த மலை உயிர் காக்கும். மற்றொன்று, இந்த மலையில் தம் நாட்டுப் பயிர் வளரும். கோத்தகிரிக்கு அருகில் திம்பட்டி என்ற படகர் ஊரை ஒட்டி ஒரு சிறு பங்களா கட்டிக்கொண்டார். அங்கேதான் தோட்டமும் தொடங்கியது. சமவெளியில் சிறுமுகையிலிருந்து அங்கே ஏறுவதற்குப் பாதை வெட்டும் வேலையும் 1820களின் தொடக்கத்தில் நடந்தது.

இனி அந்தக் குளிரைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும். விஞ்ஞானம் படிப்பவன் எழுதும் கட்டுரையில் இது இல்லாவிட்டால் என் பேராசிரியர் சிரிப்பார்.

உதகமண்டலம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பதினொரு டிகிரியில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர். உயரத்தால் குளிர், ஆனால் சூரியன் நம் சூரியன்தான். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வானம் துடைத்தாற்போல் ஆகிவிடும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். இரவில் மேகப் போர்வை இல்லாததால் மண் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். மண்ணை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்து, தண்ணீர் சரிவில் ஓடுவதைப் போலவே மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். முதலில் புல்லின்மேல் நீர்த்துளியாக நிற்பதை மலைக்காரர்கள் நீர்ப்பனி என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் அதுவே உறைபனி ஆகிவிடும். காலையில் பார்த்தால் பள்ளமெல்லாம் உப்பளம் போல வெளுத்துக் கிடக்கும். நூறடி மேலே சரிவில் ஒன்றும் இராது.

ஆகவே ஐரோப்பாவின் குளிரும் இந்தக் குளிரும் ஒன்றல்ல. ஸ்காட்லாந்தில் பனிக்காலம் வந்தால் மாதக்கணக்கில் செடி உறங்கிவிடும், வசந்தத்தில் எழும். நீலகிரியிலோ செடி பகலில் இருபது டிகிரி வெயிலில் விழித்து வளர்ந்து, அன்று இரவே சுழியில் உறையவேண்டும். உறங்குவதற்கு நேரமே கிடையாது. இலையில் உயிரணுக்களுக்கு வெளியே இருக்கும் நீர் முதலில் பனிக்கட்டியாகும். அது உள்ளே இருக்கும் நீரையும் இழுத்துக்கொள்ளும். செடி பனியில் நின்றுகொண்டே தாகத்தால் சாகும். அதற்குமேல் காலை வெயில் பட்டு விறுவிறென்று உருகினால் இலை வெந்த கீரை போலக் கருகித் தொங்கிவிடும். உருளைக்கிழங்கின் இலை சுழிக்குக் கீழே இரண்டு டிகிரியைத் தாங்காது. முட்டைக்கோஸ் தாங்கும். கேரட்டோ குளிரில் தன் மாவுப் பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்ளும். ஊட்டிக் கேரட்டின் இனிப்பு ஒருவகையில் பனிக்கு அது சொல்லும் பதில். தாத்தாவின் கேரட்டுக்கு அப்படி ஒரு பதில் சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை!

இவற்றையெல்லாம் அறிவதற்குச் சலீவனிடம் தெர்மாமீட்டர் இருந்தது. படகர்களிடம் அது இல்லை. அதற்குத் தேவையும் இல்லை. அவர்களுடைய ஊர்கள் பெரும்பாலும் பள்ளத்தில் இராமல் சரிவிலே இருப்பதைப் பார்த்தால், குளிர்காற்று எங்கே தேங்கும் என்பதை அவர்கள் எத்தனை தலைமுறைக்கு முன்பே கண்டுகொண்டார்கள் என்பது விளங்கும். சாமை, கேழ்வரகு, கோதுமை, பார்லி, கடுகு, பூண்டு ஆகியவற்றைச் சலீவன் வருவதற்கு முன்பே அவர்கள் பயிரிட்டு வந்தார்கள். தோடர்கள் உழுவதில்லை, எருமைதான் அவர்களுடைய செல்வம், புல்வெளிதான் அவர்களுடைய வயல். கோத்தர்கள் இரும்பும் மண்ணும் மரமும் செய்து கொடுத்தார்கள். ஒருவர் விளைவை ஒருவர் வாங்கிக்கொண்டு வாழ்ந்த சமுதாயம் அது. வெற்று மலையில் விதை போட்டவர் என்று சலீவனைப் புகழ்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

சரி, அவருடைய தோட்டத்துக்கு வருவோம். ஜான்ஸ்டன் என்ற தோட்டக்காரரை வேலைக்கு வைத்துக்கொண்டு, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், முள்ளங்கி, டர்னிப் முதலான காய்கறிகளையும், ஆப்பிள், பீச், ஸ்டிராபெரி முதலான பழங்களையும், ஐரோப்பியப் பூச்செடிகளையும் வைத்துப் பார்த்தார். எழுதும்போது இது ஒரு வரி. செய்யும்போது எத்தனை தொல்லை! அன்று சூயஸ் கால்வாய் இல்லை. இங்கிலாந்திலிருந்து வரும் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலைந்து மாதம் கழித்துச் சென்னைக்கு வரும். வழியில் வெப்பக் கடலை இரண்டு தரம் கடக்கவேண்டும். ஈரமும் சூடும் பட்ட விதை முளைக்கும் சக்தியை இழந்துவிடும். தப்பிய விதை மாட்டு வண்டியில் கோயமுத்தூருக்கு வந்து, பிறகு ஆள் தலையில் மலைக்கு ஏறும். முட்டைக்கோஸ், கேரட் முதலியவை முதல் பருவத்தில் உடம்பை வளர்த்து, குளிர் பட்ட பிறகே பூக்கிறவை. அந்தக் குளிர் சமவெளியில் கிடைக்காது. மலையில் கிடைத்தது. இந்தப் பயிர்கள் விருந்தாளிகளாக நிற்காமல் குடியேறிகளாக நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். குடியேறியவர் பேரன் என்பதால் இந்த உவமை எனக்கு எளிதாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் வெற்றியென்று சொல்லமுடியாது. ஆப்பிளுக்கு நீண்ட குளிர்கால உறக்கம் வேண்டும். நீலகிரியில் இரவு உண்டே தவிர அந்த உறக்கம் கிடையாது. காஷ்மீரையும் குலுவையும் போல அங்கே ஆப்பிள் தோப்புகள் எழவில்லை. உருளைக்கிழங்குதான் மலையைப் பிடித்துக்கொண்டது. அதை இங்கிலீஷ் காய் என்கிறோம். அது இங்கிலீஷும் அல்ல, காயும் அல்ல. தென்னமெரிக்காவில், பூமத்திய ரேகைக்கு அருகே, ஆண்டிஸ் மலையின் உயரங்களில் பிறந்த கிழங்கு அது. பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக, பகலில் வெயிலும் இரவில் பனியுமாக இருக்கும் ஊர்தான் அதன் தாய்வீடு. அப்படிப் பார்த்தால் இங்கிலாந்தைவிட உதகமண்டலமே அதற்கு நெருங்கிய உறவு. சலீவன் தம் நாட்டுப் பயிரைக் கொண்டுவந்து நட்டதாக நினைத்தார். உண்மையில், மலைநாட்டுப் பெண்ணை இங்கிலாந்து வழியாக மற்றொரு மலைநாட்டுக்கு அனுப்பிவைத்தார். சில பத்தாண்டுகளுக்குள் படகர்களின் சரிவுகளில் அது சாமைக்குப் பக்கத்தில் நின்றது. பிறகு சாமையைத் தள்ளிவிட்டும் நின்றது.

1822இல் சலீவன் திம்பட்டியை விட்டு மேற்கே இன்னும் உயரமான இடத்துக்குப் போய், உதகமண்டலத்தில் கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். இப்போது அந்தக் குன்றின்மேல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. கீழே பள்ளத்தில் ஓடிய ஓடைக்குக் குறுக்கே கரை போட்டு ஏரி உண்டாக்கினார். படகு விடுவதற்காக அல்ல, கீழே சமவெளியின் பாசனத்துக்கும் அந்த நீர் உதவும் என்ற எண்ணத்தில். 1826இல் சென்னைக் கவர்னர் தாமஸ் மன்றோ மலைக்கு வந்து சலீவனின் விருந்தாளியாகத் தங்கினார். ரயத்துவாரி முறையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவரும், பனியில் உருளைக்கிழங்கை வேரூன்றச் செய்தவரும் ஒரே கணப்பின் முன்னால் குளிர்காய்ந்துகொண்டு என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நிச்சயமாக நிலத்தைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

நிலம் என்றதும் கதையின் கசப்பான பகுதிக்கு வருகிறோம். கல் பங்களா நின்ற இடம் தோடர்களிடமிருந்து வாங்கப்பட்டது. ஏக்கர் ஒரு ரூபாய் என்று சொல்கிறார்கள். ஏமாற்றிப் பிடுங்கவில்லை, விலை கொடுத்து வாங்கினார் என்று சொல்லி அவரைப் புகழ்வோர் உண்டு. ஒரு ரூபாய்க்கு வாங்கினார் என்று சொல்லி இகழ்வோரும் உண்டு. நான் இரண்டு பக்கத்தையும் படித்தேன். தோடர்களுக்கு நிலம் விற்பனைச் சரக்காகவே இருந்ததில்லை. எருமை மேயவும், தெய்வத்துக்குப் பால் கறக்கவும் உரிய இடம் அது. அதற்கு விலை சொல்லத் தெரியாதவனிடம் விலை பேசுவதில், பேசுகிறவன் கலெக்டராகவும் இருக்கும்போது, நியாயம் எவ்வளவு இருக்கமுடியும்? அதுவும் ஏக்கர் இரண்டு ஏக்கரோடு அவர் நிற்கவில்லை. தோட்டத்துக்கும் பண்ணைக்குமாகப் பெரும்பரப்பை வேலிக்குள் கொண்டுவந்தார். மலையில் மற்ற வெள்ளையர்களுக்கு இடம் இல்லாமல் கலெக்டரே வளைத்துக்கொண்டார் என்ற புகார் அவருடைய இனத்தாரிடமிருந்தே எழுந்தது.

ஆனால் அதே சலீவன்தான் கும்பினி அரசாங்கத்தோடு சண்டை பிடித்தார். இந்த மலை தோடர்களுடைய சொத்து. அவர்கள் வெறுமனே மேய்ச்சலுக்கு வந்துபோகிறவர்கள் அல்லர், உரிமையாளர்கள். அவர்களுக்கு விலை கொடுக்காமல் அரசாங்கமே ஆனாலும் ஒரு துண்டு நிலத்தைத் தொடக்கூடாது என்பது அவருடைய வழக்கு. மன்றோவுக்குப் பின் கவர்னராக வந்த லஷிங்டனுக்கு உதகமண்டலத்தை ராணுவத்தாரின் ஆரோக்கிய ஸ்தலமாக்கவேண்டும் என்ற வேகம். 1828வாக்கில் மேஜர் கெல்சோ என்ற அதிகாரியின் கீழ் அது ராணுவத் தலமாயிற்று. கலெக்டருக்கும் மேஜருக்கும் ஒத்துவரவில்லை. 1830இல் சலீவன் கோயமுத்தூரை விட்டு நீங்கினார். நீலகிரியின் பெரும்பகுதியைக் கோயமுத்தூரிலிருந்து பிரித்து மலபார் ஜில்லாவோடு சேர்த்துவிட்டார்கள். அது திரும்பவும் கோயமுத்தூருக்கு வந்தது 1843இல். சலீவனின் வாதத்தைக் கும்பினி கடைசிவரை முழுதாக ஏற்கவில்லை. தோடர்களுக்கு மேய்ச்சல் உரிமைதான் என்றே அது கொண்டது.

தன் வேலியைப் பெருக்கிக்கொண்டவன் அடுத்தவனுடைய உரிமைக்கும் வாதாடமுடியுமா? முடியும் போலிருக்கிறது. தோடர்களே முழு உரிமையாளர்கள் என்றால்தானே அவர்களிடம் சலீவன் வாங்கியதும் செல்லும் என்று கேட்பவர்கள் கேட்கலாம். அந்தச் சந்தேகம் எனக்கும் உண்டு. ஆனால் மலையை விட்டு விலகிய பிறகும், லாபம் எதுவும் இல்லாத நாளிலும், அவர் இதே கட்சியைத்தான் பேசினார். அதனால் சந்தேகத்தின் பலனை அவருக்கே கொடுக்கிறேன்.

தங்கவயலில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அல்ல. குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கமிருந்து வந்த நம் முன்னோர் மூன்று நான்கு தலைமுறையாக லைன் வீடுகளில் வாழ்ந்தார்கள். முருங்கை வைத்தார்கள், கறிவேப்பிலை வைத்தார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடியபோது, அந்த வீடு யாருடையது, அந்த முருங்கை யாருடையது என்ற கேள்வி பிறந்தது. உழைத்தவனுக்கு மண்ணில் உரிமை உண்டா, அல்லது இருந்துவிட்டுப் போகும் சலுகைதானா? 1830இல் கும்பினி தோடர்களைப் பற்றிக் கேட்ட கேள்வி அதே அச்சில் வார்த்தது. ஒரு வேறுபாடு உண்டு. தோடர்கள் அந்த மண்ணின் ஆதிமக்கள். நாம் வந்து குடியேறியவர்கள். ஆனால் காகிதம் இல்லாதவன் என்ற இடத்தில் இருவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

சலீவனின் பிற்கால உத்தியோகம் சென்னையில் வருவாய்த்துறைக் குழுவிலும் கவர்னரின் ஆலோசனை சபையிலுமாகக் கழிந்தது. அந்தப் பதவிகளைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆனால் 1838ஐப் பற்றி எழுதவேண்டும். 1820இல் அவரை மணந்து, மலை வாழ்க்கையில் துணையாக இருந்த மனைவி ஹென்ரியட்டாவும், மகள் ஹாரியட்டும் அந்த ஆண்டில் இறந்துபோனார்கள். இருவரையும் உதகமண்டலத்தில் புனித ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். மலைக்கு வந்தால் உயிர் பிழைக்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்! மூன்று ஆண்டுகள் கழித்து, 1841இல், பிள்ளைப் பருவத்தில் வந்த நாட்டைவிட்டு ஐம்பதை நெருங்கிக் கடந்த வயதில் கப்பலேறினார்.

ஊருக்குப் போனவர் சும்மா இருக்கவில்லை. கும்பினியின் பங்குதாரர் சபையிலேயே எழுந்து நின்று கும்பினியைக் கண்டித்தார். இந்தியரை உயர்ந்த பதவிகளில் அமர்த்தவேண்டும் என்றார். சதாரா முதலிய சுதேச சமஸ்தானங்களை விழுங்குவது சொன்ன சொல்லை மீறுவதாகும் என்று வாதாடினார். சுதேச மன்னர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளுக்கு நாம் கட்டுப்பட்டவர்கள்தானா என்று கேட்டு 1853இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். கிழவன் புலம்புகிறான் என்று பலர் நினைத்திருக்கக்கூடும். 1855 ஜனவரி 16இல் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1857இல், அவர் எச்சரித்த நெருப்பு வடநாட்டில் பற்றிக்கொண்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. இங்கிலாந்தில் ஸ்லவ் நகரை ஒட்டிய அப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் அவர் கிடக்கிறார். மனைவியும் மகளும் கிடப்பதோ கடல் கடந்து நம் மலையில்.

அவருக்குப் பின் தோட்டம் வளர்ந்த விதம் வேறு கதை. 1848இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த மக்கைவர், தொட்டபெட்டாச் சரிவில் அரசினர் தாவரவியல் பூங்காவை உருவாக்கினார்; கொய்னா மருந்து தரும் சின்கோனா மரத்தையும் அவரே அங்கே பெருக்கினார். மற்றவர்கள் ஆஸ்திரேலியாவின் தைலமரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட, தோடர்களின் புல்வெளிகளும் சோலைகளும் அவற்றின் நிழலில் மறைந்தன. உருளைக்கிழங்கின் பின்னாலேயே அதன் நோய்களும் ஏறி வந்தன. அயர்லாந்தை 1845இல் பஞ்சத்தில் தள்ளிய கருகல் நோய், அதே நூற்றாண்டிலேயே நீலகிரியின் மழைக்காலத்தைப் பிடித்துக்கொண்டது. 1961இல் கிழங்கின் வேரைத் துளைக்கும் தங்க நூற்புழு அங்கே கண்டுபிடிக்கப்பட்டது. தங்கத்தின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு ஊரையே வாட்டும் பொருள் தங்கவயலில் மட்டும் இல்லை! நீலகிரி விதைக்கிழங்கை வெளியே அனுப்பத் தடை வந்தது. பலர் கிழங்கை விட்டுக் கேரட்டுக்கு மாறினார்கள், தேயிலைக்கு மாறினார்கள்.

2022இல் உதகமண்டலத்தில் சலீவனுக்குச் சிலை வைத்தார்கள். நான் அதைப் பார்த்தது சென்ற தை மாதத்தில், எங்கள் வகுப்பு கல்விச் சுற்றுலா போனபோது. மற்றவர்கள் சிலையோடு படம் எடுத்துக்கொண்டிருக்க, நானும் ஒரு நண்பரும் விடியற்காலையில் ஊருக்கு வெளியே தலைகுந்தாப் பக்கம் நடந்தோம். பள்ளம் முழுவதும் வெள்ளை. காலுக்குக் கீழே புல் நொறுங்கியது. ஒரு வயதான படகர், தோட்டத்து ஓரத்தில் நின்று, நாற்றின்மேல் போட்டிருந்த காய்ந்த பெரணியை எடுக்கலாமா வேண்டாமா என்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசும் படகமொழியில் கன்னடச் சாயல் இருந்ததால், தங்கவயல்காரனான எனக்குப் பாதி புரிந்தது. வெயில் மெல்ல ஏறினால் எடுப்பாராம், வேகமாக ஏறினால் பத்து மணிவரை விட்டுவைப்பாராம். பள்ளத்து நிலத்தில் தை கழியாமல் கிழங்கு ஊன்றுவதில்லை என்றும் சொன்னார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். தகப்பனாரிடம் என்றார். இந்தக் கிழங்கைக் கொண்டுவந்த துரையைத் தெரியுமா என்று கேட்டேன். சிலையைப் பார்த்திருக்கிறாராம். பிறகு குனிந்து ஒரு கை பெரணியைத் தூக்கி அடியில் பார்த்தார். நாற்று பச்சையாக இருந்தது. பெரணியை மறுபடி மூடிவிட்டு, எங்களைத் தேநீர் குடிக்க வீட்டுக்கு அழைத்தார்.